ரவுட்டர் எங்கே இருக்கிறது, யார் வைத்தது?

"வைஃபை வேலை செய்யேல்ல" என்று வீட்டில் அடிக்கடி சொல்வது யார் என்று கவனித்திருக்கிறீர்களா? எங்கட வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பாவுக்கும் தம்பிக்கும் அப்படியொரு பிரச்சினையே இல்லை. ரவுட்டர் இருந்தது ஹோலில், ரீவிக்குப் பின்னால். அவர்கள் இருப்பதும் ஹோலில். நான் படிப்பது பின்னறையில், அம்மா வீடியோ கோலில் பெரியம்மாவோடு கதைப்பது குசினியில்.

ஒருநாள் சூம் வகுப்பில் என்னுடைய பிரசன்டேஷன். இரண்டாவது ஸ்லைடிலேயே எல்லாம் நின்றுவிட்டது. அப்பா சொன்னார், "பெரிய பக்கேஜுக்கு மாறுவம்." தம்பி சொன்னான், "அக்கா, உங்கட லப்டொப் பழசு." இரண்டையும் நம்ப முதல் சோதித்துப் பார்த்தேன்.

சோதனை லேசானது. அதே லப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து வேகத்தை அளந்தேன், பிறகு பின்னறையில் அளந்தேன். பக்கத்திலேயே வேகம் இல்லையென்றால் கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கலாம். கம்பனிக்கு கோல் எடுக்கலாம். பக்கத்தில் நன்றாக இருந்து அறையில் மட்டும் விழுந்தால் கோளாறு வீட்டுக்குள். எங்களுக்கு இரண்டாவது. அப்படியென்றால் பெரிய பக்கேஜுக்குக் கொடுக்கும் காசும் ஹோலைத் தாண்டி வரப்போவதில்லை.

இடையில் இரண்டு சீமெந்துச் சுவர், ஒரு இரும்பு அலுமாரி. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் மெலிந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகம் குறைவு, தூரம் போகும். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அதற்குள்தான் நெருக்குப்படுகின்றன. அதில் 1, 6, 11 ஆகிய மூன்று சனல்களும் ஒன்றோடொன்று மோதாதவை. செட்டிங்கில் சனலை மாற்றினேன், கொஞ்சம் திருந்தியது. முழுசாகத் திருந்த ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவர வேணும், உயரத்தில் வைக்க வேணும்.

கஷ்டம் அங்கேதான் தொடங்கியது. சோதனைக்கு அரை மணித்தியாலம் போதும். பெட்டியை நகர்த்த அனுமதி எடுக்க இரண்டு கிழமை! "ஒழுங்கா வேலை செய்யுறதை ஏன் நோண்டுறாய்?" என்றார் அப்பா. ஒழுங்காக வேலை செய்தது அவருடைய கதிரையடியில் மட்டும்தான் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் கெட்டவர் இல்லை, பின்னறையில் இருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எங்களுடையது சிம் போடுகிற 4ஜி ரவுட்டர். ஜன்னலை விட்டுத் தள்ளினால் டவர் சிக்னல் குறையலாம் என்ற பயமும் இருந்தது. ரவுட்டரின் சிக்னல் லைட்டைப் பார்த்துப் பார்த்து நகர்த்தி, கடைசியில் நடையில் ஒரு தட்டில் வைத்தோம். லைட் குறையவில்லை. ரீவியும் நிற்கவில்லை. அம்மாவின் கோல் இப்போது குசினியிலேயே முடிகிறது. பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க அடுப்பை விட்டு ஓடத் தேவையில்லை.

பக்கேஜை மாற்ற முதல் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கட வீட்டை ஒருக்கா சுற்றி நடவுங்கோ. சிக்னல் ஒரு கோடாகக் குறைகிற இடத்தில் நில்லுங்கோ. அந்த இடத்தில் வழக்கமாக இருப்பது யார் என்றும் பாருங்கோ.