தந்தை பயின்ற பள்ளி

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்றோர் ஊர் உண்டு. 1778ஆம் ஆண்டில் சாமுவேல் பிலிப்ஸ் என்பார் அங்கே ஒரு பள்ளியை நிறுவினார். மூன்றாண்டு கழித்து, அவருடைய சிறிய தந்தையார் ஜான் பிலிப்ஸ், அடுத்த மாநிலத்து எக்சிட்டர் என்னும் ஊரில் மற்றொன்றை நிறுவினார். ஆண்டோவர்ப் பள்ளியின் இலச்சினையைச் செதுக்கியவர் பால் ரிவியர் என்ற புகழ்பெற்ற வெள்ளித் தட்டார். அதில் தேனீக்களும் தேன்கூடும் உள்ளன; 'தனக்கென அன்று' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரும் பொறிக்கப்பெற்றுள்ளது. தகுதியுடைய இளைஞர் எத்திசையினின்று வரினும், அவர்க்கெல்லாம் பள்ளி ஒப்பத் திறந்திருத்தல் வேண்டும் என்பது அதன் மூல சாசனம் வகுத்த விதியாகும்.

பெருமை வாய்ந்த இவ்விதியை அந்நாட்டுத் தனியார் உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தும் ஏற்று ஒழுகுகின்றனவா? இல்லை என்றே சொல்லவேண்டும். சேர்க்கை கோரும் மாணவனின் தந்தையோ, தாயோ, பாட்டனோ அங்கே பயின்றதுண்டா என்று பல பள்ளிகள் விண்ணப்பத்தாளில் வினவுகின்றன. 'உண்டு' என்னும் விடைக்குத் தனிச் சலுகை தரும் பள்ளிகளும் உள. உடன்பிறந்தார் இருவரை ஒரே பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் அலைச்சலைக் குறைக்கும், அது வேறு. என்றோ பாட்டன் அமர்ந்த பலகை பேரனுக்கு எவ்வகையில் உரியதாகும்?

இத்தகைய பள்ளிகளில் சேர விழைவோருக்கென ஒரு பொது நுழைவுத்தேர்வு 1957ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. மொழித்திறன், கணிதம், படித்துணர்தல் ஆகியவற்றை அது சோதிக்கிறது. பிற மாணவரோடு ஒப்பிட, நூற்றுவருள் ஒருவன் எத்தனையாவது படியில் நிற்கிறான் என்பதையும் அறிவிக்கிறது. ஆயின் அந்த நூற்றுவர் யாவர்? நாட்டு மாணவர் அனைவருமல்லர். தனியார் பள்ளியை நாடித் தேர்வெழுதியோரே. எனவே, அவர்களுள் ஐம்பதாம் படியில் நிற்கும் சிறுவனை அறிவிற் குறைந்தவன் என்று எண்ணுதல் பிழை. பொருளுடையார் தனி ஆசிரியரை அமர்த்தித் தம் மக்களைப் பழக்குகின்றனர் என்பதும் மெய்யே.

இக்குறைகளைக் காட்டித் தேர்வையே பழிப்பார் பலர். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது, பள்ளிகள் பல அதனைக் கட்டாயமன்று என விட்டன. ஆனால், மதிப்பெண்ணைத் தராசினின்று நீக்கினால் எஞ்சுவன யாவை? நேர்காணல், பரிந்துரைக் கடிதம், குடும்பத் தொடர்பு முதலியனவே. இவற்றின் எடை தானே கூடிவிடும். மதிப்பெண்ணில் செல்வத்தின் நிழல் படிந்திருப்பினும், மாணவன் தன் கையால் எழுதிய விடை அதில் இருக்கிறது. குடும்பத் தொடர்பிலோ அவன் செய்தது எதுவும் இல்லை.

பழைய மாணவரின் மக்களை ஏலாவிடின் நன்கொடை வற்றும். அதனால் ஏழை மாணவருக்குரிய உதவிநிதியும் சுருங்கும் என்பது எதிர்வழக்கு. இதனை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. அப்பள்ளிகளில் ஏழை மாணவர் பயில்வது கொடையாளரின் பொருளாலேயே. எனினும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வரலாறு வேறொன்று காட்டுகிறது. 2009ஆம் ஆண்டில் அங்கே புதிதாகச் சேர்ந்தோருள் பழைய மாணவரின் உறவினர் நூற்றுக்கு 12.5 பேர். 2014ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் இச்சலுகையைக் கைவிட்டது. 2019ஆம் ஆண்டில் அத்தொகை 3.5 ஆயிற்று. இடையே, 2018ஆம் ஆண்டில், அதன் பழைய மாணவராகிய மைக்கேல் புளூம்பெர்க் 180 கோடி டாலர் வழங்கினார். அக்கொடை எவருக்கு? முன்பின் அறியாத பிள்ளைகளின் கல்விச் செலவுக்கு. தம் பிள்ளைக்கு இடம் கேட்டுத்தான் பழைய மாணவர் கொடுப்பர் என்று கருதுவது அவர்களைத் தாழ்த்துவதாகும்.

கொலராடோ மாநிலம் 2021ஆம் ஆண்டிலும், வர்ஜீனியா 2024ஆம் ஆண்டிலும் தத்தம் அரசுக் கல்லூரிகளில் இச்சலுகையைத் தடுத்துச் சட்டமியற்றின. 2024ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியா தனியார் கல்லூரிகளுக்கும் தடை விதித்தது. இவை யாவும் கல்லூரிகளைப் பற்றியன. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவர் வந்து நிற்கும் உயர்நிலைப் பள்ளிகளை இச்சட்டங்கள் தொடவில்லை. ஆயினும் விண்ணப்பத்தாளினின்று ஒரு வினாவை அடித்துவிட, எந்தப் பள்ளிக்கும் சட்டமன்றத்தின் இசைவு வேண்டுவதில்லை.