லண்டன் செல்லும் பெற்றோருக்கும் அழைக்கும் பிள்ளைகளுக்கும்

இலங்கையிலிருந்து லண்டனுக்குச் செல்லும் நமது முதியவர்களில் கணிசமானோர் லண்டனைப் பார்க்காமலேயே திரும்பி வருகின்றனர். ஹீத்ரோவில் இறங்கியதும் மகனின் காரில் ஏறுகிறார்கள். ஹரோவிலோ, ரூட்டிங்கிலோ, ஈஸ்ட்ஹாமிலோ உள்ள ஒரு வீட்டுக்குச் செல்கிறார்கள். அந்த வீட்டின் சமையலறை, பின்வளவு, பக்கத்திலுள்ள தமிழ்க்கடை, வெள்ளிக்கிழமைகளில் கோவில், சனிக்கிழமைகளில் யாரோ ஒருவரின் பிறந்தநாள் விழா அல்லது பூப்புனித நீராட்டு விழா. ஐந்து மாதங்கள் இவ்வாறே கழிகின்றன. திரும்புவதற்கு முந்திய ஞாயிறன்று மகன் அவசரம் அவசரமாக அவர்களை நகரின் மத்திக்கு அழைத்துச் சென்று, பாராளுமன்ற மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறார். அந்தப் படம் ஊரிலுள்ள வீட்டுச் சுவரில் தொங்குகிறது. லண்டன் எப்படி என்று கேட்டால், "நல்ல குளிர்" என்பதே பதிலாக இருக்கிறது.

இதற்குப் பிள்ளைகளை மாத்திரம் குறைகூற முடியாது. கணவன் பகலிலும் மனைவி இரவிலும் வேலை செய்யும் குடும்பங்கள் அங்கு ஏராளம். வீட்டுக்கடன் மாதந்தோறும் கழுத்தைப் பிடிக்கிறது. ஆண்டில் கிடைக்கும் விடுமுறை நாட்களில் பாதி பாடசாலை விடுமுறையோடு போய்விடும். மத்திய லண்டனுக்குள் காரைக் கொண்டு செல்வதென்றால் 2003 ஆம் ஆண்டு முதல் நெரிசல் கட்டணம் வேறு. வாகனத்தை நிறுத்த இடம் கிடைப்பதும் அரிது. ஆகவே, மகனுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று பெற்றோர் காத்திருக்கிறார்கள். பெற்றோர் தாமாக எதுவும் கேட்கவில்லையே என்று மகன் நினைத்துக்கொள்கிறார்.

பிரச்சினை பிரயாணத்தைத் திட்டமிடும் விதத்திலேயே ஆரம்பமாகிறது என்பது எனது அபிப்பிராயம். போகிறவர் எதையும் திட்டமிடுவதில்லை. அழைக்கிறவரே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவது வேறு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவது வேறு. இந்த வேறுபாட்டை இருதரப்பும் விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்னரே வெளிப்படையாகப் பேசிக்கொள்வது நல்லது. வருகையாளர் விசாவில் செல்பவர் அங்கு வேலை செய்ய முடியாது. உறவினரின் குழந்தையைக் குறுகிய காலம் கவனித்துக்கொள்வதை விதிகள் தடுக்கவில்லை. ஆனால், அது பிள்ளை பராமரிப்பாளர் வேலையாக மாறிவிடக்கூடாது என்பதில் பிரித்தானிய குடிவரவு விதிகள் தெளிவாக இருக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 70 வயதுத் தாயாரை 5000 மைல்களுக்கு அப்பால் வரவழைத்து, காலையில் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதை விருந்தோம்பல் என்று எப்படிச் சொல்வது?

வருகையாளர் விசா பொதுவாக ஒரு தடவையில் 6 மாதங்கள் வரை தங்க அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக 6 மாதங்களும் தங்கியே ஆகவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. "இவ்வளவு காசைச் செலவழித்துப் போயிட்டு ஒரு மாசத்திலை திரும்புறதோ?" என்ற கணக்கு நம்மவர்களிடம் உண்டு. ஐந்து வாரங்களோ ஆறு வாரங்களோ நன்கு திட்டமிட்டுத் தங்குபவர், ஆறு மாதங்கள் வீட்டுக்குள் இருப்பவரை விடக் கூடுதலாகப் பார்ப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரயாணத் திகதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்க முடியும். அதற்கு முன்னர் முடியாது. முடிவு தெரிய வழமையாக மூன்று வாரங்கள் செல்லும். 2025 ஏப்ரலில் ஆறு மாத விசாவின் கட்டணம் 127 பவுணாக உயர்த்தப்பட்டது. நிராகரிக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்காது. விசா கைக்கு வரும்வரை மாற்ற முடியாத விமானச்சீட்டை வாங்குவது புத்திசாலித்தனமல்ல.

எந்த மாதத்தில் போவது என்பது இன்னொரு விடயம். நத்தார் விடுமுறையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று டிசம்பரில் பெற்றோரை அழைக்கும் பிள்ளைகள் பலர். டிசம்பரில் லண்டனில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். நத்தார் தினத்தன்று பஸ் வண்டிகளோ நிலக்கீழ் புகையிரதங்களோ ஓடுவதில்லை. யூன் மாதத்திலோ இரவு ஒன்பது மணிக்குப் பின்னரும் வெளிச்சம் இருக்கும். வாழ்நாள் முழுவதும் வெயிலில் திரிந்த ஒரு மனிதரை டிசம்பரில் அழைத்து, யன்னலுக்குப் பின்னால் உட்காரவைப்பதை விட, மே, யூன் அல்லது செப்டெம்பரில் அழைப்பது எவ்வளவோ மேல். ஓகஸ்டில் பாடசாலை விடுமுறைக் கூட்டமும் விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். நம்மவர்களின் கல்யாணங்களும் அந்த மாதத்திலேதான் வருகின்றன என்பதால் அதைத் தவிர்க்க முடியாதவர்களும் இருப்பார்கள்.

மருத்துவக் காப்புறுதியைப் பற்றிப் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். பிரித்தானியாவில் வைத்தியம் இலவசம் என்பது அங்கு வதிபவர்களுக்கான ஏற்பாடு. இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கு வருகையாளரிடம் பணம் கேட்பதில்லை. ஆனால், வாட்டில் அனுமதிக்கப்பட்டால், தேசிய சுகாதார சேவைக்கு ஆகும் செலவின் 150 சதவீதத்தை அறவிடுகிறார்கள். அவ்வாறு செலுத்தப்படாத கடன் 500 பவுணோ அதற்கு மேலோ இருந்தால், பின்னர் விசா மறுக்கப்படுவதற்கு அதுவே காரணமாகலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அவற்றை மறைக்காமல் குறிப்பிட்டுக் காப்புறுதி எடுக்கவேண்டும். மறைத்து எடுத்த காப்புறுதி, தேவைப்படும்போது கைகொடுக்காது.

இனி, நகரத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று தடவைகள் ஈஸ்ட்ஹாமில் மகளின் வீட்டில் தங்கியவர். வடமராட்சிக்காரர். அவரது ஆங்கிலம் அவருடைய மருமகனின் ஆங்கிலத்தை விடத் திறம். வீட்டிலிருந்து ஏழு நிமிட நடைதூரத்தில் இருந்த புகையிரத நிலையத்துக்குள் அவர் ஒரு தடவையேனும் நுழைந்ததில்லை. ஈஸ்ட்ஹாமில் டிஸ்றிக்ட் லைன் வண்டியில் ஏறினால், எங்குமே மாறாமல் ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் ரவர் ஹில்லில் இறங்கலாம். அதே வண்டியிலேயே இருந்தால் வெஸ்ட்மின்ஸ்டர். றிச்மண்ட் என்று பெயரிட்ட வண்டியாக இருந்தால், அதே ஆசனத்தில் கியூ கார்டன்ஸ் வரை போகலாம். ரூட்டிங்கில் இருப்பவர் நோர்தேண் லைனில் ஏறி லண்டன் பிறிட்ஜில் இறங்கலாம். ஹரோவில் இருப்பவர் மெற்றோபொலிற்றன் லைனில் ஏறி யூஸ்டன் ஸ்குயரில் இறங்கினால் பிரித்தானிய நூதனசாலைக்கு நடந்தே போகலாம். நம்மவர்கள் செறிந்து வாழும் இடங்கள் எல்லாவற்றிலிருந்தும் நகரின் மத்திக்கு ஒரே வண்டியில் போய்ச்சேரலாம் என்பதை அங்கு வாழும் பிள்ளைகளே பெற்றோருக்குச் சொல்வதில்லை.

தொலைந்துபோய்விடுவார்கள் என்ற பயமே காரணம். கொழும்பு கோட்டையில் இறங்கி ஆட்பதிவுத் திணைக்களத்துக்கும் ஓய்வூதியத் திணைக்களத்துக்கும் தனியாக அலைந்து திரிந்தவர்கள் இவர்கள். போர்க்காலத்தில் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தவர்களும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். எந்தத் தரிப்பிடம் அடுத்து வருகிறது என்று பஸ் வண்டியே குரல் கொடுத்துச் சொல்லும் ஒரு நகரத்தில் இவர்கள் எப்படித் தொலைந்துபோவார்கள்?

அறிந்திருக்க வேண்டியவை சிலவே. லண்டன் பஸ் வண்டிகளில் 2014 யூலையிலிருந்து காசு வாங்குவதில்லை. ஒயிஸ்டர் அட்டை வேண்டும்; அல்லது தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை. கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் இருவருக்கும் தனித்தனி அட்டை அவசியம். அட்டைக்கு நாளொன்றுக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் பணம் கழியாது. வார நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பின்னர் புறப்பட்டால் புகையிரதக் கட்டணமும் குறைவு, சனநெரிசலும் குறைவு. முழங்கால் நோவுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: நிலக்கீழ் புகையிரத நிலையங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் மாத்திரமே படியேறாமல் போய்வரலாம். அவர்களுக்குப் பஸ் வண்டியே உகந்தது. மாடிப் பஸ்ஸின் கீழ்த்தட்டில் யன்னலோரம் இருந்து பார்ப்பதற்கு நிலத்துக்கு மேலே எவ்வளவோ உண்டு.

எதைப் பார்ப்பது என்பதிலும் நமக்கென்று ஒரு தெரிவு வேண்டும். மெழுகுச் சிலைகளுக்கும் இராட்சதச் சக்கரத்துக்கும் குடும்பமாகப் போவதற்கு ஆகும் பணத்தை நினைத்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பிரித்தானிய நூதனசாலைக்கு அனுமதி இலவசம். அங்கே பொன்முலாம் பூசிய தாரா சிலை ஒன்று நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் 143 சென்ரிமீற்றர். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்டது. 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபோது ஆளுநராக இருந்த றொபேட் பிறவுன்றிக் அதை 1830 இல் நூதனசாலைக்குக் கொடுத்தார். நமது கிழக்குக் கரையில் கிடைத்த ஒரு பொருளைப் பார்ப்பதற்கு விசா எடுத்து லண்டனுக்குப் போகவேண்டியிருக்கிறது என்பதைச் சிந்திப்பதற்கும் அந்தக் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் பத்து நிமிடங்கள் நிற்கலாம்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ரவிஸ்ரொக் சதுக்கம். 1968 இல் வைக்கப்பட்ட காந்தியடிகளின் சிலை நடுவில் இருக்கிறது. அந்தச் சதுக்கத்தின் 52 ஆம் இலக்க வீட்டில் 1924 முதல் 1939 வரை லெனார்ட் வுல்ஃபும் அவருடைய மனைவி வேர்ஜீனியா வுல்ஃபும் வசித்தார்கள். வீடு உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் உத்தியோகத்தராகத் தமது சேவையை ஆரம்பித்து, பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அதே வுல்ஃப்தான். பூங்காவில் ஆசனங்கள் உண்டு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புட்டை அங்கே இருந்து சாப்பிடுவதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

கமம் செய்தவர்கள் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போகவேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, ஆனால், கொடுக்கலாம். பிறேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகள் 1876 இல் அங்கேதான் முளைக்கவைக்கப்பட்டன. அவற்றில் 1900 க்கும் அதிகமான கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் வளர்க்கப்பட்டன. நமது நாட்டின் இறப்பர்ச் செய்கை முழுவதும் அங்கிருந்து வந்தது. அதே புகையிரத நிலையத்தில் இறங்கி வேறு திசையில் நடந்தால் தேசிய சுவடிகள் கூடம். இலங்கையிலிருந்து ஆளுநர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களின் மூலங்கள் சி.ஓ. 54 என்ற தொடரிலக்கத்தின் கீழ் தொகுதி தொகுதியாக அங்கு இருக்கின்றன. வாசகர் அட்டைக்குப் பணம் இல்லை. அடையாளத்துக்கும் முகவரிக்கும் அத்தாட்சி வேண்டும். எல்லா நாட்களிலும் திறப்பதில்லை என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவேண்டும். ஊர் வரலாறு எழுதும் ஆர்வமுள்ள எத்தனையோ ஓய்வூதியர்கள் நம்மத்தியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் லண்டனில் ஐந்து மாதங்கள் இருந்துவிட்டு அந்தக் கட்டடத்தை எட்டியும் பாராமல் திரும்புவதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

பிள்ளைகள் செய்யவேண்டியது அதிகமில்லை. பெற்றோர் வந்து முதல் வாரம் களைப்பாறட்டும். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு கூடவே புகையிரதத்தில் போய், அதே வழியில் திரும்பி வந்தால் போதும். காருக்குள் இருந்து வழியைப் பழகமுடியாது. அடுத்த தடவை அவர்களைத் தனியே விடலாம். சட்டைப்பையில் வீட்டு முகவரியும் நிலையத்தின் பெயரும் எழுதிய ஒரு துண்டு, கையில் உள்ளூர் இலக்கமுள்ள தொலைபேசி, இருவருக்கும் இரண்டு அட்டைகள். மேற்குறித்த ஆசிரியர் நான்காவது தடவை சென்றபோது பேத்தி, அவள் அப்போது பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டு, இதைத்தான் செய்தாள். இப்போது அவரிடம் லண்டன் எப்படி என்று கேட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் பேசுவார். கேட்பவர்தான் எழுந்துபோக வழி தேடவேண்டும்.

பயணப்பொதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிளகாய்த்தூளையும் பனங்கட்டியையும் ஒடியல் மாவையும் நிறை பார்த்துப் பார்த்து அடுக்குகிறோம். இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுபோகக்கூடாது என்பதையும் இப்போது பலர் அறிந்திருக்கிறார்கள். ஆனால், காலில் செருப்போடு விமானம் ஏறிவிடுகிறோம். அல்லது கல்யாணத்துக்கு வாங்கிய, காலைக் கடிக்கும் புதுச் சப்பாத்தோடு. பனங்கட்டியில் ஒரு கிலோவைக் குறைத்து, இரண்டு மாதங்களுக்கு முன்னரே போட்டுப் பழகிய நல்ல நடைச் சப்பாத்து ஒரு சோடியை எடுத்துச் செல்லுங்கள். லண்டனில் பனங்கட்டி வாங்கலாம்.