மிதியடியைக் கழற்றுங்கள்

பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த நாடுகளுக்கு மனைவி மக்களோடு மறைபரப்பச் சென்றவர்களைப் பற்றிப் பேசும்போது, "கடவுளை அறியாத மண்ணுக்குக் கிறிஸ்துவைக் கொண்டு சென்றார்கள்" என்று சொல்வது நமக்குப் பழகிவிட்டது. கேட்க இனிய சொற்கள்தாம். ஆனால் அவை உண்மையா? அல்பேனியாவை வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

1967-இல் என்வர் ஹோஜாவின் அரசு அந்நாட்டின் கோவில்களையும் மசூதிகளையும் ஒருசேர இழுத்து மூடியது. ஷ்கோதர் நகரப் பேராலயம் விளையாட்டரங்கமாயிற்று. அரசு எந்த மதத்தையும் ஏற்பதில்லை என்று 1976-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் எழுதியே வைத்தது. ஒரு குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்ததற்காகத் தந்தை ஷ்த்யேஃபன் குர்த்தி சுட்டுக் கொல்லப்பட்டார். 1963-இல் கிறிஸ்து பிறப்புத் திருவிழாத் திருப்பலி முடிந்ததும் கைதான தந்தை எர்னெஸ்ட் சிமோனி, 18 ஆண்டுகள் சிறையிலும் கட்டாய உழைப்பிலும் வாடினார். அங்கும் நினைவிலிருந்தே இலத்தீனில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார்.

இவ்வளவுக்கும் பின் விசுவாசம் அழிந்ததா? 1990 நவம்பர் 4 அன்று, அந்த ஆட்சி இன்னும் வீழாத வேளையில், சிறை மீண்ட தந்தை சிமோன் யுபானி ஷ்கோதர் கல்லறைத் தோட்டத்தில் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றினார். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். வெளிநாட்டு மறைபரப்புக் குடும்பங்கள் அங்கு வரத் தொடங்கியதோ அதற்குப் பிறகுதான்! அப்படியானால் அம்மக்களை அங்கே அழைத்து வந்தவர் யார்? கதவைத் தாழிட்டுக்கொண்டு செபம் சொல்லிக் கொடுத்த தாய்மாரும் பாட்டிமாரும் அல்லவா?

"அப்படியாயின் குடும்பங்கள் அங்கே போகவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். போகத்தான் வேண்டும். குருக்கள் கொல்லப்பட்டு மறைக்கல்வி அறுந்துபோன நாட்டில், விசுவாசத்தின் பெயரை மட்டுமே அறிந்த ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. வீட்டுக்குள் காக்கப்பட்ட விசுவாசத்தை வீட்டின் வழியாகவே வளர்ப்பது பொருத்தம். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மன்னிப்பதை அயலார் காண்பது நூறு மறையுரைகளுக்குச் சமம்.

ஆனால் போகிறவர்கள் முதலில் அம்மக்களின் மொழியைக் கற்கட்டும். அவர்கள் அடுப்படியில் அமர்ந்து, அவர்கள் பட்ட பாட்டைக் கேட்கட்டும். உணவுப் பொட்டலத்தை ஒரு கையிலும் விவிலியத்தை மறுகையிலும் ஏந்தி நிற்க வேண்டாம். பசித்தவனின் தலையசைப்பு விசுவாச அறிக்கை ஆகாது. மசூதியை இழந்த அயலாரும் அதே துன்பத்தின் பங்காளர் என்பதையும் மறக்க வேண்டாம்.

கல்கத்தாவின் ஏழைகளுக்கு அன்னை தெரேசாவைத் தந்தது ஓர் அல்பேனியக் குடும்பம். அவருடைய தாயும் தமக்கையும் 1970-களின் தொடக்கத்தில் திரானாவில் இறந்தபோது, அவரால் அருகிருக்க இயலவில்லை. மறைபரப்பின் விலையை அந்த இனத்துக்கு நாமா கற்பிப்பது?

2016-இல் திருச்சபை அந்நாட்டு மறைசாட்சிகள் 38 பேரை அருளாளர்களாக உயர்த்தியது. அவர்களின் குருதி ஊறிய மண்ணில் கால் வைக்கும் குடும்பம், முதலில் தன் மிதியடியைக் கழற்றட்டும்.