மகிழுந்து இல்லாமல் ஊர் சுற்றலாமா?

வெளிநாட்டுக்குத் தனியாகச் செல்லும் இளையோரிடம், "போய் இறங்கியதும் வாடகைக்கு ஒரு மகிழுந்து எடுத்துக்கொள்; அப்போதுதான் நினைத்த இடத்திற்குப் போகலாம்" என்று அறிவுரை கூறுவோர் பலர். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோரிடமும் இந்த எண்ணம் வேரூன்றியுள்ளது. மலேசியாவில் 17 வயதிலேயே மகிழுந்து ஓட்டும் உரிமம் பெறலாம். எனவே, சாவி கைக்கு வரும் நாளே சுதந்திரம் கிடைக்கும் நாள் என்று இளையோர் கருதுகின்றனர். இந்த எண்ணம் சரியானதுதானா? கோலாலம்பூருக்கு முதன்முறையாகத் தனியே வரும் ஓர் இளம் பயணியின் நிலையில் நின்று பார்த்தால் விடை தெளிவாகும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இருபது வயது மாணவர் ஒருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். மகிழுந்தை வாடகைக்கு எடுக்க அவருக்கு அனைத்துலக ஓட்டுநர் உரிமம் தேவைப்படும். வாடகை நிறுவனங்கள் விதிக்கும் வயது வரம்பும் முன்பணமும் அவரைத் தடுக்கலாம். அவற்றைத் தாண்டினாலும் வாடகை, பெட்ரோல், சாலைக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் எனச் செலவு நீளும். மாறாக, கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திலிருந்து புறப்படும் விரைவு இரயில் 57 கிலோமீட்டர் தொலைவை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் கடந்து அவரைக் கே.எல். சென்ட்ரலில் சேர்த்துவிடும். அதன் கட்டணமான 55 ரிங்கிட் மாணவருக்குச் சுமையாகத் தோன்றினால், நேரம் கூடுதலானாலும் அதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் பேருந்தும் உண்டு. 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில், கொமியூட்டர் ஆகிய இரயில்களுக்கு மாறிச் செல்லலாம். 'டச் அண்ட் கோ' அட்டை ஒன்று கையிலிருந்தால் இவை அனைத்திலும் பயணம் செய்யலாம்.

செலவு குறைவது ஒரு நன்மைதான். அதைவிடப் பெரிய நன்மை, ஊரையும் மக்களையும் அருகிலிருந்து அறிய முடிவதாகும். கே.எல். சென்ட்ரலிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன் வந்துவிடும். மாலை தொடுப்பவரின் கைவேகமும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மணமும் நடந்து செல்பவருக்கே கிட்டும். மகிழுந்தில் வருபவரின் கவனமோ வண்டியை நிறுத்த இடம் தேடுவதிலேயே கழிந்துவிடும். கொமியூட்டரில் ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்தால் கிள்ளான் நிலையம் வரும். அங்கிருந்து ஜாலான் தெங்கு கெலானாவில் உள்ள லிட்டல் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும் வேளையில், இரயில் பயணி சன்னலோர இருக்கையில் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பாதைக்கு ஒரு வரலாறும் உண்டு. சிலாங்கூரின் முதல் இரயில் 1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே ஓடியது. கிள்ளான் ஆற்றின் மேல் பாலம் இல்லாததால் தண்டவாளம் அக்கரையிலேயே நின்றுவிட்டது. 1890ஆம் ஆண்டு பாலம் அமைந்த பின்னரே இரயில் கிள்ளான் நகருக்குள் வந்தது. அக்கால இரயில்வேயில் தென்னிந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் பெருமளவில் உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்ததும் அதனால்தான்.

தனியாகச் செல்லும் இளையோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பொதுப் போக்குவரத்து பாதுகாப்பானதா என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பு. அந்தக் கவலையைப் புறந்தள்ளக் கூடாது. கொமியூட்டர் இரயிலில் 2010ஆம் ஆண்டு முதல் மகளிருக்கெனத் தனிப் பெட்டிகள் உள்ளன. எனினும், பயணியும் விழிப்போடு இருக்க வேண்டும். கடைசி இரயில் புறப்படும் நேரத்தை முன்கூட்டியே அறிந்திருத்தல், கைப்பேசியில் போதிய மின்னூட்டம் வைத்திருத்தல், செல்லும் இடத்தை வீட்டாருக்குத் தெரிவித்தல் ஆகியவை எளிய பழக்கங்களே. அறிமுகமில்லாத சாலையில் நள்ளிரவில் தனியாக மகிழுந்து ஓட்டுவதும் ஆபத்தில்லாத செயலன்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொதுப் போக்குவரத்தில் குறையே இல்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. கொமியூட்டர் இரயிலுக்குச் சில வேளைகளில் அரை மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்க நேரும். அதைவிடப் பெரிய குறை, நிலையத்தை விட்டு வெளியே வந்த பிறகு தொடங்குகிறது. பல இடங்களில் நடைபாதை பாதியில் முடிந்துவிடுகிறது. மழைக்கு ஒதுங்கக் கூரை இருப்பதில்லை. சாலையைக் கடக்க நெடுந்தொலைவு சுற்ற வேண்டியுள்ளது. அன்று ஆற்றின் அக்கரையில் நின்றுவிட்ட தண்டவாளத்தைப் போலவே, இன்றும் பல பயணங்கள் கடைசி ஒரு கிலோமீட்டரில் தடைபடுகின்றன.

வெளிநாட்டுப் பயணிக்கு இது சில நாள் சிரமம் மட்டுமே. உள்ளூரில் சிலருக்கோ இது வாழ்நாள் சிரமம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் அமைந்துள்ளது. அப்பகுதியின் நடைபாதைகளில் காலால் உணரத்தக்க மேடுகள் கொண்ட கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. பார்வையற்றோர் அவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டே நடக்கின்றனர். அந்தக் கற்களின் மேல் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனால், அவர்களின் பாதை அங்கேயே அடைபட்டுவிடும். மகிழுந்து இல்லாமல் செல்வதைச் சுற்றுப்பயணி தாமே தேர்ந்தெடுக்கிறார். பார்வையற்றோர், முதியோர், பள்ளி மாணவர், குறைந்த வருமானம் பெறும் தொழிலாளர் ஆகியோருக்கு அத்தகைய தேர்வு இல்லை. எனவே, சாவியில்லாத ஒரு விருந்தினர் எளிதாகச் சுற்றி வரக்கூடிய நகரமே அங்கு வாழ்வோருக்கும் ஏற்ற நகரம் எனலாம்.

மலேசியர்கள் மாதம் 50 ரிங்கிட்டுக்கு ரேபிட் கே.எல். இரயில்களிலும் பேருந்துகளிலும் வரம்பின்றிப் பயணம் செய்ய 'மை50' அட்டை உதவுகிறது. இது பாராட்டுக்குரிய முயற்சி. ஆயினும், கட்டணத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. நிலையத்திலிருந்து வீட்டுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் செல்லும் பாதை நடப்பதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நகராண்மைக் கழகங்கள் சாலைக்குச் செலுத்தும் அக்கறையை நடைபாதைக்கும் செலுத்த வேண்டும். பொதுமக்களும் நடைபாதையில் வாகனங்களை நிறுத்துவதைக் கைவிட வேண்டும்.

இளையோரின் பங்கும் இதில் உண்டு. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது. கால அட்டவணையைப் படிக்கவும், வழி கேட்கவும், தவறான இரயிலில் ஏறிவிட்டால் பதறாமல் இறங்கி மாறவும் பழகியவரே நாளை வெளிநாட்டிலும் துணிவுடன் நடமாடுவார். அந்தப் பயிற்சிக்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாளில் கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு இரயிலில் சென்று வந்தாலே போதும். வாகனம் ஓட்டக் கற்பது பயனுள்ள திறன்தான். வாகனம் இல்லாமலும் வழி கண்டுபிடிப்பது அதற்கு முன்னரே கற்க வேண்டிய திறனாகும்.