மோட்டார் எரிஞ்சு போச்சா? அவசரப்படாதீங்க!

நம்ம ஆம்பூரில் பல வீடுகளில் ஷூ அப்பர் தைக்கிற சத்தம் கேட்கும். ஜோடிக் கணக்கில்தான் கூலி. மெஷின் நின்றால் அன்றைய கூலியும் போச்சு. அதனால்தான் மோட்டார் எரிந்தால் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இது சரியில்லை என்பது என் கருத்து.

எங்க வீட்டு மோட்டார் போன மாசம் புகைந்தது. "அரை ஹெச்.பி. இருந்தா போதும், காயலான் கடையில பார்த்துக்கலாம்" என்றார் மாமா. அங்கே மலிவாகக் கிடைத்ததோ மூன்று ஃபேஸ் மோட்டார். வீட்டில் இருப்பது ஒரு ஃபேஸ், 230 வோல்ட்! ஹெச்.பி. மட்டும் கேட்டால் இப்படித்தான்.

பழைய கிளட்ச் மோட்டார், சுவிட்ச் போட்டதுமே ஓடும். மிதியை அழுத்தினால்தான் கிளட்ச் பிடித்து ஊசி இறங்கும். நூல் கோக்கும்போதும், பசை தடவும்போதும், பக்கத்து வீட்டு அக்காவிடம் கதை பேசும்போதும் மோட்டார் சும்மா சுத்தும். கூடவே மீட்டரும் சுத்தும்! சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும். வேகத்தையும் குறைச்சு வைக்கலாம்.

அதுக்காக சர்வோவும் சர்வரோக நிவாரணி இல்லை. தோல் மடிந்து நாலு அடுக்கு சேரும் இடத்தில் மெதுவாகத் தைத்தால் சில சர்வோக்கள் திணறும். உடனே பெரிய மோட்டார் தேட வேண்டாம், புல்லியைப் பாருங்க. நிமிஷத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் 100 மி.மீ. புல்லி, மெஷின் சக்கரமும் 100 என்றால் 1440 தையல். வினாடிக்கு 24! மோட்டார் புல்லியை 50 ஆக்கினால் 720 தையல்தான், ஆனால் ஊசிக்குக் கிடைக்கும் திருப்புவிசை இரண்டு மடங்கு. (பெல்ட்டும் சின்னதா மாத்தணும்.)

சர்வோ போர்டு போனால் எங்க தெரு வைண்டிங் கடை பாய் கையை விரிச்சிடுவார். கிளட்ச் மோட்டார்னா காயில் கட்டிக் கொடுத்துடுவார். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் தைக்கிறவங்களுக்குப் பழசே போதும். தினமும் தைக்கிற என் அம்மாவுக்கு சர்வோதான் சரி என்றேன், வாங்கிட்டோம்.

இன்னொன்று. கைச்சக்கரத்தின் மேல்பக்கம் தைக்கிறவரைப் பார்த்துச் சுற்றணும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும். திசை மாற்றும் வசதி இருக்கான்னு கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்க.

– பிளஸ் டூ மாணவி