முதுகெலும்பு ஆபரேஷன்: ரோபோவா, டாக்டர் கையா?

பி.காம். படிக்கிறவனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்தில் பாதி மருத்துவம், மீதிப் பாதி எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடம்தான்.

"ரோபோ ஆபரேஷன்" என்றதும் மிஷினே கத்தியைப் பிடித்து அறுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முதுகெலும்பில் அப்படி இல்லை. நிலைகுலைந்த முள்ளெலும்புகளை அசையாமல் இணைக்க, உலோகத் திருகுகளை இறக்கிக் கம்பியால் பூட்டுவார்கள். திருகு போகிற எலும்புப் பாதையோ மிகக் குறுகல். கொஞ்சம் உள்பக்கம் விலகினால் நரம்பில் பட்டுவிடும். டாக்டர்கள் இதைக் கைப்பழக்கத்தாலும், நடுநடுவே எக்ஸ்ரே பார்த்தும் பல வருடங்களாகச் செய்து வருகிறார்கள். ரோபோ என்ன செய்கிறது? ஸ்கேனை வைத்து டாக்டர் போட்ட திட்டப்படி, சரியான கோணத்தில் ஒரு குழாயைப் பிடித்துக் காட்டுகிறது. அதன் வழியே துளை போட்டுத் திருகுவது டாக்டர்தான்.

ரோபோவின் கை களைக்காது, நடுங்காது. அப்படியானால் அதுதானே ஜெயிக்க வேண்டும்? ஜெர்மனியில் 60 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. கையால் போட்டதில் 93 சதவீதத் திருகுகள் நல்ல இடத்தில் இருந்தன. ரோபோ உதவியில் 85 தான்! குழாய் எலும்பின் மேல் வழுக்கியதைக் காரணமாகச் சொன்னார்கள். பிறகு வந்த மிஷின்கள் முன்னேறின. 2017-ல் கொரியாவில் இதேபோல் ஒப்பிட்டபோது ரோபோ பக்கம் 100, மறுபக்கம் 98.6. கதிர்வீச்சும் குறைந்தது. தினமும் தியேட்டரில் நிற்கிற டாக்டருக்கும் நர்ஸுக்கும் அது சின்ன விஷயமில்லை.

ஆக, ரோபோ நல்ல கருவி. ஆனால் திருகு சரியாக உட்கார்வது வேறு, வலி போவது வேறு. நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது.

இனி எங்கள் பாடம். இந்த ரோபோக்களில் முன்னோடியான இஸ்ரேலின் மேஸர் நிறுவனத்தை மெட்ரானிக் 2018-ல் சுமார் 164 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தத் திருகுகளையும் கம்பிகளையும் விற்பதும் மெட்ரானிக்தான். மிஷினை வைத்தால் கூடவே திருகும் விற்கும். வாங்கும் ஆஸ்பத்திரிக்கோ அது நிலையான செலவு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்மானம் உண்டு. எத்தனை கேஸ் கூடுகிறதோ, அத்தனைக்கு ஒவ்வொன்றின் மேலும் விழும் செலவு குறையும். ஃபேக்டரியில் "மிஷின் சும்மா நிற்கக் கூடாது" என்பது நல்ல நிர்வாகம். ஆஸ்பத்திரியில் அந்த மிஷினுக்குள் போகிற சரக்கு ஒரு மனிதனின் முதுகு! பெரும்பாலான முதுகுவலிகள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். தேவையில்லாத ஆபரேஷனை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் அது தேவையில்லாத ஆபரேஷன்தான்.

எனவே நகையை அடகு வைக்கும் முன், பேனரைப் பார்க்காமல் டாக்டரிடம் நான்கே கேள்விகள் கேளுங்கள். எனக்கு ஆபரேஷன் கட்டாயமா? நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? ரோபோ பாதியில் நின்றால் கையால் முடிப்பீர்களா? ரோபோவுக்காகத் தனியாக எவ்வளவு?

இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற டாக்டர் கிடைத்தால், அவர் பக்கத்தில் ரோபோ இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. என் ஓட்டு அவருக்குத்தான். உங்கள் ஓட்டு?