பாடுவோர் யார், உடையோர் யார்?

சென்ற வாரம் எம்மைக் காண வந்த ஆசிரிய நண்பர் ஒருவர், இங்கிலாந்தின் உதைபந்தாட்டப் போட்டியொன்றைத் தொலைக்காட்சியிற் பார்த்த கதையைச் சொன்னார். ஆட்டத்தின் நுணுக்கங்கள் அவர் நினைவில் நிற்கவில்லை; பல்லாயிரவர் ஒரே குரலாய்ப் பாடிய பாட்டே நின்றது. "கைகாட்டிப் பாடுவிக்கும் ஒருவரையும் அங்கே நான் காணவில்லையே! இவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார்?" என்று வியந்தார். மறுநாள் அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டம் ஒன்றையும் பார்த்தாராம். அங்கே ஒலிபெருக்கி பாடியது. ஆரவாரஞ் செய்யுமாறு மின்திரை கட்டளையிட்டது. மக்கள் அவ்வாறே செய்தனர். "ஒன்று நாட்டுப்பாடல், மற்றது வானொலிப் பெட்டி" என்று நண்பர் தீர்ப்பும் வழங்கிவிட்டார்.

அத்தீர்ப்பிற் பாதி உண்மை உண்டு. உதைபந்தாட்ட அரங்கின் முழக்கப் பாட்டுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் இல்லை. மெட்டு, தேவாலயப் பாடலிலிருந்தோ பழைய இசைத்தட்டிலிருந்தோ இரவலாக எடுக்கப்படுகின்றது. சொற்கள் காலத்துக்கேற்ப மாறுகின்றன. நேற்றுவரை புகழப்பட்ட வீரன் பகைக் கழகத்திற் சேர்ந்துவிட்டால், அதே மெட்டில் வசை எழுகின்றது. ஒரு பகுதியார் பாட, எதிர்ப்பகுதியார் மறுமொழி பாடுகின்றனர். மட்டக்களப்பின் கொம்பு விளையாட்டில் வடசேரியாரும் தென்சேரியாரும் ஒருவரையொருவர் எள்ளிப் பாடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை. ஏட்டில் ஏறாது வாய்வழி வழங்கி, பாடுவோரின் தேவைக்கேற்ப உருமாறி வருவதே நாட்டுப்பாடல் என்றால், இதுவும் நாட்டுப்பாடலே. ஆலைத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் நகரத்தின் நடுவே வளர்த்த நாட்டுப்பாடல்.

அமெரிக்காவில் இது இவ்வாறு வளராமைக்குக் காரணம் என்ன? அமெரிக்கர் பாடத் தெரியாதவர் அல்லர். ஆட்டத்தின் அமைப்பே முதற் காரணம். உதைபந்தாட்டத்தில் ஒரு பாதி 45 நிமிடம் பெரும்பாலும் இடையறாது ஓடுகின்றது. கோல் விழுவதோ அரிது. அந்த நீண்ட எதிர்பார்ப்பைத் தாங்குதற்குப் பாட்டு வேண்டியிருக்கின்றது. பேஸ்போலும் அமெரிக்க உதைபந்தாட்டமும் நின்று நின்று நடப்பவை. அவற்றின் இடைவெளிகளை விளம்பரமும் வாத்தியமும் முந்திக்கொண்டு நிரப்பிவிடுகின்றன. 1941இல் சிக்காகோ கப்ஸ் குழுவினர் தம் அரங்கிலே ஓர்கன் வாத்தியத்தை வாசிப்பித்தனர். பிற அரங்குகளும் அவ்வழியே சென்றன.

இரண்டாவது காரணம் தூரம். லிவர்ப்பூலுக்கும் மன்செஸ்டருக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். நியூயோர்க்குக்கும் லொஸ் ஏஞ்சல்சுக்கும் இடையே ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். தம் குழுவுக்காகப் பாடுதற்கென்று ஆயிரக்கணக்கானோர் அத்துணைத் தூரம் அடிக்கடி செல்வது எங்ஙனம்? மறுமொழி பாட எதிராளி இல்லாத களத்திற் பாட்டு ஓங்குவதில்லை.

எனினும், இடமும் உறவும் வாய்த்த விடத்து அமெரிக்கரும் தாமாகவே குரலெழுப்பினர். அவர்களுடைய பல்கலைக்கழகங்கள் இதற்குச் சான்று. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இன்றும் ஒலிக்கும் 'றொக் சோக்' முழக்கம், 1886இல் அங்கிருந்த இரசாயனப் பேராசிரியர் ஒருவர் தம் விஞ்ஞானக் கழகத்துக்காக ஆக்கியது. பின்னர் விளையாட்டுக் களத்துக்கு வந்தது. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த எபெற்ஸ் பீல்ட் என்னும் பேஸ்போல் அரங்கில், டொட்ஜர்ஸ் குழுவின் இரசிகர்கள் தாமே கூடி ஒரு வாத்தியக் குழு வைத்திருந்தனர். நடுவர்கள் களத்தில் இறங்கியதும் குருட்டெலிகளைப் பற்றிய குழந்தைப் பாட்டை அவர்கள் வாசிக்க, அரங்கமே நகைக்கும். ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி மாட்டு மணியை ஆட்டிக் கூட்டத்தை எழுப்புவார். இவர்களுக்கு எந்த மின்திரையும் கட்டளையிடவில்லை.

அந்த மாட்டு மணிக்கு நேர்ந்தது யாது? 1955இல் டொட்ஜர்ஸ் குழு உலகத் தொடரை வென்று புரூக்ளின் மக்களைக் களிப்பில் ஆழ்த்தியது. 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும், உடைமையாளர் குழுவை லொஸ் ஏஞ்சல்சுக்குக் கொண்டு சென்றார். 1960இல் அரங்கம் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் குடியிருப்பு மாடிகள் நிற்கின்றன. சட்டப்படி குழு உடைமையாளருக்கு உரியது. எங்கு வேண்டுமாயினும் கொண்டு செல்லலாம். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பத்திரத்தில் இடமில்லை.

இங்கேதான் நண்பருடைய தீர்ப்பின் மறுபாதி தவறுகின்றது. பாட்டைத் தொடக்குவது தொண்டையா, ஒலிபெருக்கியா என்பது பெரிய கேள்வியன்று. அதனைத் தமதாக்கிக்கொள்வோர் யார், தமதாக்கியபின் அவர்களுக்கு என்ன உரிமை என்பதே கேள்வி.

நண்பரின் நெஞ்சை அள்ளிய லிவர்ப்பூல் இரசிகரின் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 'யூல் நெவர் வோக் அலோன்' என்னும் அப்பாடல் லிவர்ப்பூலிற் பிறந்ததன்று. ரிச்சர்ட் றொஜர்சும் ஒஸ்கார் ஹமர்ஸ்ரைனும் 1945இல் நியூயோர்க்கில் அரங்கேற்றிய 'கரோசல்' என்னும் இசை நாடகத்திலே, கணவனை இழந்து நிற்கும் பெண்ணுக்கு ஆறுதலாகப் பாடப்படுவது அது. அந்நாடகமோ ஹங்கேரிய ஆசிரியர் பெரெங்க் மொல்னாரின் நாடகமொன்றைத் தழுவியது. 1963இல் லிவர்ப்பூல் இளைஞர் குழுவொன்று அப்பாடலை இசைத்தட்டாக வெளியிட்டது. அக்காலத்தில் அரங்கின் ஒலிபெருக்கி வாரந்தோறும் புகழ்பெற்ற இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்யும். ஒலிபெருக்கி அப்பாட்டை விட்டபின்னும் மக்கள் விடவில்லை என்பது அந்நகரின் வழக்குரை. நண்பர் இங்கிலாந்தின் நாட்டுப்பாடல் என்று போற்றியது, அமெரிக்க நாடக மேடையிற் பிறந்து, ஒலிபெருக்கி வழியே வந்த பாட்டு!

அது மக்களுடையதானது எப்போது? 1989 ஏப்ரல் 15ஆம் நாள், ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பறோ அரங்கில் நெரிசலிற் சிக்கிய லிவர்ப்பூல் இரசிகருள் 97 பேர் உயிரிழந்தனர். பழி இறந்தோர் மீதே சுமத்தப்பட்டது. 27 ஆண்டுகள் போராடியபின், 2016 ஏப்ரல் 26ஆம் நாள், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகர்மீது குற்றமில்லை என்றும் விசாரணை மன்றத்தின் யூரிமார் முடிவு கூறினர். அன்று மன்றத்தின் வெளியே கூடிநின்ற குடும்பத்தினர் பாடியது இப்பாட்டையே. மேடையிலே ஒரு பெண்ணின் துயருக்கு எழுதப்பட்ட சொற்கள் ஒரு நகரத்தின் துயருக்குச் சொந்தமாயின. துயரத்திலே துணை நின்ற பாட்டுத்தான் மக்களின் பாட்டு.

அமெரிக்கருக்கும் இது பொருந்தும். பொஸ்ரன் நகரின் பென்வே அரங்கில் 'சுவீற் கரோலைன்' என்னும் பாட்டு, 2002 முதல் ஒவ்வோர் ஆட்டத்திலும் எட்டாம் சுற்றின் நடுவே ஒலிபெருக்கியில் ஒலித்து வருகின்றது. நண்பர் நகைக்கக்கூடிய வழக்கந்தான். ஆனால் 2013 ஏப்ரலில் அந்நகரின் மரதன் ஓட்டத்திற் குண்டு வெடித்து மக்கள் மாண்ட சில நாட்களுள், அப்பாட்டை ஆக்கிய நீல் டயமண்ட் தாமே அவ்வரங்குக்கு வந்து பாட, கூடியிருந்தோர் உடன் பாடினர். அன்று அதனை வெறும் வானொலிப் பெட்டி என்று யார் சொல்வார்?

இன்னொரு செய்தியும் உண்டு. பென்வேயின் குழுவை உடைய நிறுவனமே 2010 முதல் லிவர்ப்பூல் கழகத்தையும் உடையது. உடைமையாளர் ஒருவரே, கூட்டங்களோ இரண்டு. 2016 பெப்ரவரியில் ஓர் இருக்கையின் கட்டணத்தை 77 பவுணாக உயர்த்த அந்நிறுவனம் எண்ணியது. ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஏறக்குறைய பதினாயிரம் இரசிகர் எழுந்து வெளியேறினர். சில நாட்களுள் உயர்வு கைவிடப்பட்டது. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 செல்வக் கழகங்கள், தமக்கென்று தனிப்போட்டி அமைக்கப் போவதாக அறிவித்தன. லிவர்ப்பூலும் அவற்றுள் ஒன்று. இரசிகர்கள் வீதியில் இறங்க, இரண்டே நாட்களில் இங்கிலாந்தின் ஆறு கழகங்களும் பின்வாங்கின. லிவர்ப்பூலின் உடைமையாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். வாரந்தோறும் கூடிப் பாடும் கூட்டத்துக்குக் கூடி எதிர்க்கவும் தெரிகின்றது.

ஆனால் குரல் மட்டும் எப்போதும் வெல்வதில்லை. இலண்டனின் விம்பிள்டன் கழகம் 2003இல் மில்டன் கீன்ஸ் நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அங்கும் பாடியவர் பலர், பயன் இல்லை. அவர்கள் அதற்கு முன்னரே, 2002இல், தமக்கென ஒரு கழகம் நிறுவி, ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கி, 2020இல் தம் பழைய தெருவுக்கே மீண்டனர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலோ, 1995இல் கிளீவ்லண்டின் குழு பறிபோகும் நிலை வந்தபின், 1996இல் அதனைத் தடுக்க ஒரு சட்டம் செய்யப்பட்டது. 2017இல் அதே மாநிலத்தின் கொலம்பஸ் நகர் உதைபந்தாட்டக் கழகத்தை வேற்றூருக்குக் கொண்டுசெல்ல உடைமையாளர் முனைந்தபோது, இரசிகர் இயக்கமும் அச்சட்டமும் ஒருங்கு நின்று கழகத்தைக் காத்தன. குரலுக்குச் சட்டம் துணைநிற்க வேண்டும் என்பதை அமெரிக்கரிடமிருந்தே இங்கிலாந்து கற்கலாம். ஜேர்மனியிலோ, சில விலக்குகள் நீங்கலாக, கழக உறுப்பினரின் கையிலேயே பெரும்பான்மை வாக்குரிமை இருத்தல் வேண்டுமென்பது விதி.

உரிமை கேட்போர் பழியையும் ஏற்றல் வேண்டும். அரங்கின் பாட்டெல்லாம் அமுதமன்று. கறுப்பின வீரர்களை நோக்கிக் குரங்கொலி எழுப்பிய கூட்டங்கள் உண்டு. 2019இல் சோபியா நகரில் இங்கிலாந்தின் ஆட்டம் அதனால் இருமுறை நிறுத்தப்பட்டது. 1958இல் மியூனிக் விமான விபத்தில் மாண்ட மன்செஸ்டர் யுனைற்றெட் வீரரை இகழ்ந்தும், ஹில்ஸ்பறோவில் மாண்டோரை இகழ்ந்தும் பாடுவோர் உளர். எழுதியவன் பெயர் இல்லாத பாட்டுக்குப் பொறுப்பாளி இல்லையென்று அவர்கள் எண்ணுகின்றனர். அது பிழை. பாடும் ஒவ்வொருவனும் அதன் ஆசிரியனே. பாட்டு எங்களுடையது என்று சொல்லும் வாய், அதன் இழிவும் எங்களுடையது என்று சொல்லிப் பக்கத்திருப்பவனைத் தடுக்க வேண்டும்.

நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். சிறிது நேரம் மௌனமாயிருந்தவர், "அப்படியானால் புரூக்ளின் மாட்டு மணிக்கும் லிவர்ப்பூல் பாட்டுக்கும் வேறுபாடு இல்லையா?" என்று கேட்டார். உண்டு. ஒன்றின் களம் விற்கப்பட்டு அதன் ஒலி அடங்கியது. மற்றதன் களம் இன்னும் நிற்கின்றது. நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை மனத்திற் கொள்வார்களாக. சொல்லையும் மெட்டையும் ஏட்டிற் காத்துவிடலாம். பாடுவோர் கூடி நிற்கும் இடம் பறிபோனால், ஏட்டிலிருப்பது பாட்டின் பெயர் மட்டுமே.